இரண்டு ஏக்கர் தோப்புக்கு ஒரு பழைய டிராக்டர்

பட்டுக்கோட்டைக்கு அருகில் அப்பா விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு எனக்கும் என் தம்பிக்கும் வாரிசுரிமையாக வந்தது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற எங்களால் இந்தியாவில் விளைநிலத்தை விலைக்கு வாங்க இயலாது. வாரிசாகப் பெறத் தடையில்லை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் பெரும்பாலான மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. சித்தப்பா மகன் புதிய கன்றுகளை வைத்து, ஊடுபயிராக உளுந்தும் நிலக்கடலையும் போட்டுக் கவனித்து வருகிறான். மழை பெய்து மண் பதமாக இருக்கும் அந்த நான்கைந்து நாள்களில் ஊரே வாடகை டிராக்டருக்குக் காத்திருக்கும். எங்கள் முறை வருவதற்குள் ஈரம் போய்விடும். கணக்குப் பார்த்தால் இரண்டு ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் கட்டுபடியாகாது என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும், அந்தத் தோப்பை மீட்டெடுக்க வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்ததால், பழைய வண்டி ஒன்றைத் தேடத் தொடங்கினோம்.

நான் முதலில் செய்த தவறு, வண்டியின் வயதையே பெரிதாக எண்ணியது. பத்தாண்டுக்கு ஒருமுறை வாகன உரிமைச் சான்றிதழ் காலாவதியாகும் சிங்கப்பூரில் வாழ்ந்து பழகியதால், பன்னிரண்டு வயது டிராக்டர் என்றதும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, ஆறு வயது வண்டி ஒன்றை ஈசூனில் என் வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப் காணொளியில் பார்த்து, ஏறக்குறைய முன்பணம் அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டேன். துவாஸில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் அறந்தாங்கித் தம்பி ஒருவர், ஊரில் பல ஆண்டுகள் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அவரிடம் அந்தக் காணொளியைக் காட்டியபோது, அவர் ஆண்டையும் கேட்கவில்லை, வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரையும் கேட்கவில்லை. "அக்கா, இது இதுவரைக்கும் என்ன வேலை பார்த்த வண்டி?" என்றார்.

அந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது. செங்கல்லும் மணலும் ஏற்றி டிரெய்லர் இழுத்த வண்டியில் கிளட்சும் பிரேக்கும் கியரும் தேய்ந்திருக்கும். நாற்று நடவுக்குக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு செய்த வண்டிக்குப் பின் அச்சில் பாரம் அதிகம்; சேற்றுநீரிலேயே நின்று நின்று சீல்கள் தளர்ந்து, கியர் பெட்டி எண்ணெயில் தண்ணீர் கலந்துவிடும். டெல்டா மாவட்டங்களில் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் பல இத்தகையவை என்பதால், அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். புன்செயில் மட்டும் உழுத வண்டி பத்து வயது கூடுதலாக இருந்தாலும் அதுவே மேல் என்றார்.

ஆகவே பத்து நாள் விடுப்பெடுத்துக்கொண்டு திருச்சிக்கு விமானம் ஏறினேன். அந்த ஆறு வயது வண்டியைத்தான் முதலில் பார்த்தோம். நாங்கள் வரும்வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும், நான் கை வைத்தபோது சைலன்சரின் அடிப்பகுதி சூடாக இருந்தது. குளிர்ந்த நிலையில் சிரமப்பட்டுக் கிளம்பும் எஞ்சினை மறைப்பதற்கு இது எளிய வழி. உடன் வந்த உள்ளூர் மெக்கானிக் கியர் பெட்டியின் பின்பக்க அடித்திருகைச் சற்றே தளர்த்தினார். இரவு முழுதும் அசையாமல் நின்ற வண்டியில், எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கி முதலில் அதுவே வெளியேறும். தெளிந்த தண்ணீர் நாலு சொட்டு விழுந்து, அதன் பின்னால் பால் கலந்த தேநீரைப் போல ஒரு குழம்பு என் உள்ளங்கையில் வடிந்தது. காலையில் அதை ஓட்டியிருந்தால் எல்லாம் கலங்கி, தண்ணீர் தனியாகத் தெரிந்திருக்காது. சூடேற்றியவர்கள் நின்ற இடத்திலேயே கிளப்பி நிறுத்தியது எங்கள் நல்லூழ்.

இரண்டாவது வண்டி பார்வைக்கு நன்றாக இருந்தது. ஆனால் கடனை அடைத்துவிட்டதாக விற்பவர் சொன்னாலும், வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கி தரும் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வராமல் பணம் தருவதில்லை என்று திரும்பிவிட்டோம்.

மூன்றாவதாகப் பார்த்தது பதின்மூன்று வயதான மாசி பெர்குசன் 1035. 36 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். பேராவூரணிப் பக்கம் ஒரு தோப்புக்காரர் தாமே ஓட்டிய வண்டி. நான்கு சக்கரங்களும் இழுக்கும் 27 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டரே கன்றுகளுக்கிடையே நுழைந்து வர ஏற்றது என்று எனக்கு ஆசை இருந்தது. ஆனால் 25 அடி இடைவெளியில் இதுவும் தாராளமாகப் போய்வரும். உதிரிப் பாகமும் பட்டுக்கோட்டையிலேயே கிடைக்கும் என்று சித்தப்பா மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. எஞ்சின் ஜில்லென்று இருந்தது. இரண்டாம் சுற்றிலேயே பிடித்து, கொஞ்சம் கறுப்புப் புகை விட்டுத் தெளிந்தது. நீலப் புகை வந்திருந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள், வரவில்லை. மண்ணைக் கிளறும் சுழல்கலப்பையான ரொட்டவேட்டரை மாட்டி ஹைட்ராலிக்கில் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, அதன் உயரத்துக்குச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். பத்து நிமிடம் கழித்து இரண்டு விரல் அளவே இறங்கியிருந்தது; ஹைட்ராலிக் நன்றாகவே தாங்கியது. கிளட்ச் மட்டும் பிடிப்பு இழந்திருந்ததால், அதை மாற்றும் செலவைக் குறைத்துக்கொண்டு விலை பேசினோம்.

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் துணியால் துடைத்து, ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கினோம். முகவரிச் சான்று உள்ளூரில் இருக்க வேண்டியிருந்ததால், பதிவைச் சித்தப்பா மகனின் பெயருக்கே மாற்றினோம்.

முதல் உழவின்போது நானும் தோப்பில் இருந்தேன். தென்னையின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்குள் இருப்பதால், ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் கயிறு கட்டி வட்டம் போட்டு, அதற்கு வெளியே மட்டும் ரொட்டவேட்டரை இறக்கச் சொன்னேன். எண்ணெய் மாற்ற வேண்டிய 250 மணி நேர ஓட்டம் நெருங்கும்போது, மீட்டரைப் படமெடுத்து அனுப்பச் சித்தப்பா மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். நேற்று வந்த படத்தில் இன்னும் 38 மணி நேரம் பாக்கி இருந்தது.