ஃபோர்க்லிஃப்ட் லீவருக்குப் பேட்டன்ட்: ஆளை நம்பி நான் தொலைத்த ஐந்து மாதம்

பேட்டன்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, "எல்லாம் அவர் பார்த்துக்குவார்" என்று உட்கார்ந்திருக்கிறீர்களா? இதைப் படிப்பதை நிறுத்துங்கள். பேட்டன்ட் அலுவலக இணையதளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலவரத்தைப் பாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் அப்படிப் பார்த்தது 2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. அதுவும் நானாகப் பார்க்கவில்லை. தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மெக்கானிக்கல் படிக்கும் அக்கா மகள், "மாமா, அந்த லீவர் என்னாச்சு?" என்று கேட்டாள். "நடந்துகிட்டிருக்குமா" என்றேன். அவள் விடவில்லை. நம்பரை வாங்கிப் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது பிப்ரவரியிலேயே வந்திருக்கு" என்றாள்.

பேட்டன்ட் அலுவலக ஆய்வாளர் தன் ஆட்சேபங்களை எழுதி அனுப்பும் முதல் ஆய்வறிக்கை, எஃப்.இ.ஆர். என்பார்கள். தேதி 2024 பிப்ரவரி 12. பதில் சொல்ல ஆறு மாதம். அந்த ஆறு மாதம் அறிக்கை அனுப்பிய தேதியிலிருந்து ஓடும், நாம் பார்த்த தேதியிலிருந்து இல்லை. பதில் போகாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கணக்கு. என் கையில் மிச்சம் இருந்தது இருபத்திரண்டு நாள். அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

எனக்கு மணலியில் ஒரு ஷெட். அந்தப் பக்கத்து கன்டெய்னர் யார்டுகள், மாதவரம் – செங்குன்றம் சாலைக் குடோன்கள், இங்கெல்லாம் ஓடும், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கு ரிப்பேர் பார்ப்பதுதான் தொழில். 2021-ல் ஒரு குளிர்பதனக் கிடங்கில் டிரைவர் ஒருவர் சரக்கு அடுக்கிய பேலட்டின் மூலையைப் பார்க்கச் சாய்ந்திருக்கிறார். அங்கே போட்டுக்கொள்ளும் தடித்த ஜாக்கெட்டின் கை, லிஃப்ட் லீவரில் மாட்டிக்கொண்டது. ஃபோர்க் தானாக மேலே போக, இறால் பெட்டிகள் மொத்தமும் சரிந்தன. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. சீட்டில் ஆள் இல்லாவிட்டால் வேலை செய்யவிடாத சீட் ஸ்விட்ச் இருக்கிறதே என்பீர்கள். ஆள் சீட்டில்தானே உட்கார்ந்திருந்தார்!

அதற்குத்தான் அந்தக் கைப்பிடியைச் செய்தேன். உள்ளங்கையை மேலே வைத்து அமுக்கினால், லீவருக்குள் போகும் கம்பி கீழே இறங்கிப் பூட்டுப் பின்னைத் தள்ளும். அப்போதுதான் லீவர் அசையும். துணியோ பையோ பக்கவாட்டில் இழுத்தால் அசையாது. கையை எடுத்ததும் லீவர் நடுவுக்கு வரும், ஸ்பிரிங் பின்னை மேலே தள்ளி, தட்டில் வெட்டிய பள்ளத்தில் உட்கார வைக்கும். மின்சாரம் கிடையாது, சென்சார் கிடையாது. கன்ட்ரோல் வால்வில் ஏற்கெனவே இருக்கும் போல்ட்டிலேயே தட்டு உட்காரும். வண்டியில் துளை போட வேண்டாம், வெல்டிங் வேண்டாம்.

விண்ணப்பத்தை ஒரு "கன்சல்டன்ட்" கையில் கொடுத்தேன். தெரிந்தவர் மூலம் வந்தவர், நன்றாகப் பேசுவார். 2022 பிப்ரவரியில் தற்காலிக விவரக்குறிப்பு (பொருள் என்ன, எப்படி வேலை செய்கிறது என்று எழுதிக் கொடுக்கும் ஆவணம்), பன்னிரண்டு மாதம் முடிவதற்குள் முழு விவரக்குறிப்பு, அப்புறம் ஆய்வு கேட்டுப் படிவம் 18. பதினெட்டு மாதம் கழித்து பேட்டன்ட் அலுவலக இதழில் வெளியானது. இதுவரை ஒரு குறையும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஷெட்டில் வேலை பார்க்கும் பையன் லீவரை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். விண்ணப்பம் போய் மூன்றாம் நாள். அதையே நாலு நாள் முன்னால் வைத்திருந்தால், புதுமையே இல்லை என்று கதை அங்கேயே முடிந்திருக்கும். போன் வைத்திருக்கும் பையன்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

ஞாயிறு ராத்திரியே கன்சல்டன்ட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எடுக்கவில்லை. பழைய காகிதங்களைக் கிளறியபோதுதான் அவர் பேட்டன்ட் ஏஜென்ட்டே இல்லை என்று புரிந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட, ஏஜென்ட்டை நியமிக்கும் படிவம் 26-ல் வேறொருவர் பெயர். அறிக்கை போனது அந்த இன்னொருவருடைய மின்னஞ்சலுக்கு. அவருக்கு நான் எழுதிய மெயில் முகவரி இல்லையென்று திரும்பி வந்தது. பேட்டன்ட் ஏஜென்ட் என்றால் அறிவியலோ இன்ஜினியரிங்கோ படித்து, தேர்வு எழுதித் தேறி, பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. நான் செய்யவில்லை.

அடுத்த முட்டாள்தனமும் நான் செய்ததுதான். கைப்பிடியை ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு, திருவொற்றியூரில் மெட்ரோ ஏறிக் கிண்டி பேட்டன்ட் அலுவலகத்துக்குப் போனேன். ஆய்வாளரை நேரில் பார்த்து, பொருளைக் கையில் கொடுத்துப் புரியவைத்துவிடலாம் என்று எண்ணம். மெட்ரோவில் செக்யூரிட்டி பையைத் திறந்து, "இன்னா சார் இது, கியர் ராடா?" என்று கேட்டார். அப்போது சிரித்தேன். அந்தக் கேள்வி பின்னால் எவ்வளவு வலிக்கும் என்று தெரியாது.

கிண்டி அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "உங்க ஃபைல் பார்க்கிறவர் இங்க இல்லைங்க. கொல்கத்தா ஆபீஸ்ல இருக்கார்." சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா என நாலு இடத்திலும் அலுவலகம் உண்டு. நாம் சென்னையில் போட்டாலும், ஆய்வுக்கு எந்த ஊர் ஆளுக்கு வேண்டுமானாலும் போகலாம். பேசுவதெல்லாம் எழுத்தில்தான். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அரை நாள் கூலி போனது. ஆனால் ஒரு உருப்படியான விஷயத்தை அவர் சொன்னார்: கெடு முடிவதற்குள் படிவம் 4 போட்டுக் கட்டணம் கட்டினால் மூன்று மாதம் நீட்டிப்பு கிடைக்கும்.

இனி நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். தனிநபர் விண்ணப்பதாரர் தன் வழக்கைத் தானே நடத்தலாம், ஏஜென்ட் கட்டாயமில்லை. இணையத்தில் போட டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், கிளாஸ் 3. இங்கே நம்ம ஊர் வியாதி வந்தது. விண்ணப்பத்தில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். டிஜிட்டல் கையெழுத்து பான் கார்டுப்படி வந்தது. காகிதத்தைப் பார்த்தால் நானும் நானும் இரண்டு பேர். நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம், முகவரியையும் பெயரையும் திருத்தப் படிவம் 13, அதற்கு ஒரு வாரம். அதற்கிடையில் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் அந்தக் கையெழுத்து இருக்கும் யூ.எஸ்.பி. டோக்கனைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்றது. படிவம் 4 போனது ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை சாயங்காலம். கெடு 12. புதுசாக விண்ணப்பிப்பவர்கள் முதல் நாளே பான் கார்டில் இருக்கிற மாதிரி எழுத்து மாறாமல் பெயரைப் போடுங்கள்.

பிறகுதான் அறிக்கையை உட்கார்ந்து படித்தோம். நான் படித்தேன் என்று சொல்வது பொய். விவரக்குறிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கலாம், தமிழுக்கு இடமில்லை. அக்கா மகள் வரி வரியாகத் தமிழில் சொல்ல, நான் கேட்டேன்.

சில்லறை ஆட்சேபங்கள் முதலில். சுருக்கம் 150 சொல்லைத் தாண்டியிருக்கிறது. எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் க்ளெய்ம்களில் படத்தின் எண்கள் இல்லை. க்ளெய்ம் பதினாலு இருந்தது. பத்து வரைக்கும் 1,600 ரூபாய் விண்ணப்பக் கட்டணத்திலேயே அடங்கும், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 320. கூடுதல் நாலும் என்ன தெரியுமா? கைப்பிடி ரப்பராக இருக்கலாம், பிளாஸ்டிக்காக இருக்கலாம், சிவப்பாக இருக்கலாம், கறுப்பாக இருக்கலாம். இதற்கு 1,280 ரூபாய் கட்டியிருக்கிறேன்.

பெரிய அடி கண்டுபிடிப்புத் திறன் இல்லை என்பது. ஆய்வாளர் இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டியிருந்தார். டி1, வெளிநாட்டு மின்சார ஃபோர்க்லிஃப்ட்டின் ஜாய்ஸ்டிக்; கை மேலே இருப்பதை சென்சார் உணர்ந்தால்தான் வேலை செய்யும். டி2, கார் கியர் லீவரில் ரிவர்ஸ் போடத் தூக்கும் வளையம். கியர் ராடேதான்! மெட்ரோ செக்யூரிட்டி ஒரே பார்வையில் சொன்னதை ஆய்வாளர் இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தார். இரண்டையும் சேர்த்தால் இந்தத் துறையில் அனுபவமுள்ள எவருக்கும் இது தோன்றியிருக்கும் என்பது அவர் வாதம்.

எனக்குக் கோபம் வந்தது. "அனுபவமுள்ளவன் நான்தான்மா. இருபத்திரண்டு வருஷம். எனக்கே இப்பதான் தோணுச்சுன்னு எழுது."

"மாமா, அப்படியெல்லாம் எழுத முடியாது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு மட்டும் சொல்லுங்க."

கைப்பிடியையும், என் பழைய வேனின் கியர் ராடையும் மேசையில் வைத்து, குளிர்பதனக் கிடங்கின் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி ஆட்டினேன். அப்போது பிடிபட்டது. கியர் வளையத்தை விரலால் மேலே தூக்க வேண்டும். அந்தக் கையுறைக்குள் விரல் மடங்காது. என்னுடையதற்குக் கையின் கனமே போதும். இரண்டாவது, கியர் ஒருமுறை விழுந்தால் அங்கேயே நிற்கும். ஃபோர்க்லிஃப்ட் லீவரோ ஸ்பிரிங்கால் ஒவ்வொரு முறையும் நடுவுக்குத் திரும்பும், திரும்பும்போதெல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் பள்ளத்தின் வாயை ராவிச் சரிவாக வெட்டியிருந்தேன். லீவர் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தாலும் பின் அந்தச் சரிவில் வழுக்கிச் சரியாக உள்ளே விழும். டி1-லும் இல்லை, டி2-லும் இல்லை.

அந்தச் சரிவு க்ளெய்மில் எங்கேயும் இல்லை. சிவப்பு, கறுப்பு இருக்கிறது, சரிவு இல்லை. ஏழாம் பக்கத்து விளக்கத்தில் ஒரே ஒரு வரி, மூன்றாம் படத்தில் ஒரு சாய்கோடு. அந்த ஒரு வரிதான் காப்பாற்றியது. விளக்கத்தில் இருப்பதை எடுத்து முதல் க்ளெய்மைக் குறுக்கிக்கொள்ளலாம். இல்லாததைப் புதுசாக நுழைக்க முடியாது. 2023-ல் நான் இரண்டாவது ஸ்பிரிங் ஒன்று சேர்த்திருந்தேன், இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அதையும் போட்டுவிடலாமா என்று கேட்டேன். "பிரிவு 59 விடாது மாமா" என்றாள். விவரக்குறிப்பு எழுதும்போது உங்களுக்கு அற்பமாகத் தெரியும் ராவல், சரிவு, இடைவெளி எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.

பிரிவு 3(எஃப்) என்று இன்னொன்று: தெரிந்த பொருட்களைச் சும்மா சேர்த்து வைத்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன் வேலையைச் செய்கிறது என்று. இதற்குப் பதில் சுலபம். கம்பியை எடுத்தால் பின் சும்மா. பின்னை எடுத்தால் தட்டு சும்மா. ஒன்றையொன்று நம்பித்தான் எல்லாம் நிற்கிறது.

அக்டோபர் கடைசியில் பதில் போட்டோம். 2025 ஏப்ரலில் விசாரணை அறிவிப்பு, இந்த முறை என் மின்னஞ்சலுக்கே. விசாரணை வீடியோவில். மணலி ஷெட்டில் உட்கார்ந்தால் டிரெய்லர் லாரி சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது, அதனால் அக்கா வீட்டு உள்ளறை. கையுறை மாட்டி, கைப்பிடியைக் கேமரா முன் நீட்டினேன். முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் அம்மா சிரித்துக்கொண்டே, பொருளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, விவரக்குறிப்பில் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் என்றார். "ஏழாம் பக்கம், மேடம்" என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் குக்கர் விசில். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. வாயால் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்; பதினைந்து நாளுக்குள் எழுத்திலும் கொடுக்க வேண்டும். நான் நாலாம் நாளே அனுப்பினேன். பட்டவனுக்குத்தானே தெரியும்.

அவசரம் உள்ளவர்களுக்கு ஒன்று. சிறு நிறுவனம், ஸ்டார்ட்அப், அல்லது தனிநபர் விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண் என்றால், படிவம் 18-க்குப் பதில் 18ஏ போட்டு விரைவு ஆய்வு கேட்கலாம். 4,000-க்குப் பதில் 8,000. 2024 மார்ச் 15 முதல் போட்ட விண்ணப்பங்களுக்கு ஆய்வு கேட்கும் கெடுவும் 48 மாதத்திலிருந்து 31 ஆகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கில் இருந்துவிடாதீர்கள்.

ஆகஸ்ட்டில் சான்றிதழ் வந்தது. வந்த கையோடு புதுப்பிப்புக் கட்டணம்: கடந்துபோன வருடங்களுக்கானதை மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும். எனக்கு மூன்றாம், நாலாம் வருடத்துக்கு 800 வீதம் 1,600. அன்றைக்கே கட்டினேன்.

மறுவாரம் போன் அடித்தது. கன்சல்டன்ட். ஒரு வருஷமாக எடுக்காத அதே நம்பர். "வாழ்த்துகள் சார்! இதழ்ல பார்த்தேன், நம்ம பேட்டன்ட் வந்துடுச்சு போல. அந்த பேலன்ஸ் ஐயாயிரம் மட்டும் எப்ப அனுப்புறீங்க?"