வயிறு அடங்கிருச்சு, குடல் இன்னும் ஆறல

ஆறு மாதம் ஊசி போட்டுக்கொண்டதில் ஆறு கிலோ ஏறியிருந்தேன். அரிசிம்பருப்பு சாதம் இரண்டு தட்டு இறங்கியது. நம்பியூரிலிருந்து திருப்பூர் வரைக்கும் கம்பெனி வேனை எங்கேயும் நிறுத்தச் சொல்லாமல் போய் வந்தேன். அந்தத் தைரியத்தில்தான் கோயமுத்தூர் டாக்டரிடம் கேட்டேன்: "நல்லாயிட்டனுங்க சார், ஊசிய நிறுத்திக்கலாங்களா?"

"வயிறு நல்லாயிருக்குதும்மா. குடலு எப்படியிருக்குன்னு படம் எடுத்துப் பாத்துட்டுப் பேசலாம்" என்றார்.

எனக்கு இருப்பது கிரோன் நோய், குடல் வீங்கிப் புண்ணாகும் நீண்ட நாள் வியாதி. பரில் கிரோன் என்ற அமெரிக்க டாக்டர் 1932-ல் தன் கூட்டாளிகளோடு எழுதிய கட்டுரையால் வந்த பெயர். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலது அடிவயிற்றில், எனக்குப் புண். கண்டுபிடிப்பதற்குள் 54 கிலோவிலிருந்து 41-க்கு வந்துவிட்டேன். குடல் டி.பி.யும் பார்க்க இதே மாதிரிதான் இருக்குமாம். அதுதான் என்று நினைத்துச் சில மாதம் மாத்திரை விழுங்கியது தனிக் கதை. பிறகுதான் குடல் வீக்கத்தை அடக்கும் அடலிமுமாப் ஊசி: முதலில் 160 மி.கி., இரண்டு வாரம் கழித்து 80, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருதரம் 40.

குடலுக்குள் கேமரா விட்டுக் கொலனோஸ்கோப்பி செய்துதானே பார்த்தார்கள், இன்னும் எதற்குப் படம் என்று எனக்கு எரிச்சல். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். டாக்டர் விளக்கியதை என் வேலையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். துணியை மேஜையில் விரித்துத் தடவினால் மேல்பக்கம் சுத்தமாகத்தான் தெரியும். பின்னால் லைட் எரியும் மெஷினில் ஓட்டினால்தான் ஓட்டையும் தடிப்பும் கண்ணில் படும். கேமராவுக்குத் தெரிவது குடலின் உள்தோல் மட்டும். இந்த நோயோ சுவரின் முழுத் தடிமனுக்கும் இறங்கும். சுருங்கிப்போன இடத்தைத் தாண்டிக் கேமரா போகவும் முடியாது. டாக்டர் சொன்ன படம் எம்.ஆர். என்டரோகிராபி, எம்.ஆர்.ஐ. மெஷினில் சிறுகுடலைப் படம் எடுப்பது. அதில் சுவர், அதைச் சுற்றிய கொழுப்பு, ரத்தக்குழாய் எல்லாம் தெரியும். கதிர்வீச்சும் கிடையாது. வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியவர்களுக்கு அது முக்கியம்.

இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். காசு மிச்சமாகுமே என்று வேறொரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் படுக்க வைத்தார்கள். ஊசி தொடங்கும் முன் எடுத்திருந்த முதல் படத்தில் ஒன்றுமில்லாத இடத்தில்கூடச் சுவர் தடித்திருப்பதாக ரிப்போர்ட் வந்தது. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. டாக்டர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளி வைத்துவிட்டார். "குடலு விரியவே இல்லம்மா. சுருங்கிக் கெடந்தா நல்ல குடலும் தடிப்பாத்தான் தெரியும்." அரை மாதச் சம்பளம் போச்சு.

இரண்டாவது தடவை, முதல் படம் எடுத்த அதே ஆஸ்பத்திரி. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே கிரியாட்டினின் பார்த்தார்கள். காலையிலிருந்து வெறும் வயிறு. உலோகம் எதுவும் கூடாது என்றதும் அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. தாலிக்கொடியைக் கழற்றி அவர் முந்தானையில் முடிந்துகொண்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டி என் கழுத்தில் போட்டு அனுப்பினார். டெக்னீஷியன் தம்பி பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் பண்ணாதுங்க்கா" என்று சிரித்தான்.

மானிட்டால் என்ற இனிப்பு மருந்து கலந்த தண்ணீர் ஒன்றரை லிட்டர், ஒரு மணி நேரத்துக்குள். நோன்புக்கஞ்சி மாதிரி ஊதி ஊதிக் குடிக்கிற சமாச்சாரம் இல்லை. இளம் இனிப்பு, நாலாவது டம்ளரிலேயே திகட்டிவிடும். "இன்னும் ரெண்டே டம்ளருங்க்கா" என்று அந்தத் தம்பி ஐந்து தடவை சொன்னான். ஆனால் போன தடவை பட்ட பாடு நினைவிருந்ததால் ஒரு சொட்டு விடவில்லை. குடலை விரித்துக் காட்டுவது அந்தத் தண்ணீர்தான்.

குப்புறப் படுக்கச் சொன்னார்கள். குடல் அசையாமலிருக்க ஓர் ஊசி, நாக்கு வறண்டுவிட்டது. பாதியில், நோயுள்ள இடத்தைப் படத்தில் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து கை வழியாகச் சில்லென்று ஏறியது. பஞ்சு அடைத்த காதிலும் விசைத்தறி ஓடுகிற சத்தம். மூச்சைப் பிடி, விடு, பிடி. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

உடனே பஸ் ஏறாதீர்கள். மானிட்டால் வயிற்றில் நிற்காது, பேதியாகப் போகும். நான் அன்னூர் தாண்டியதும் தவிக்க ஆரம்பித்து, புளியம்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடினேன். வீட்டுக்காரர் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

ரிசல்ட்: முதல் படத்தில் 9 மி.மீ. இருந்த சுவர் இப்போது 5. நோய் பிடித்த நீளமும் குறைந்திருந்தது. ஆனால் கான்ட்ராஸ்ட் ஏறியதும் அந்த இடம் இன்னும் பளிச்சென்று மின்னியது. சீப்புப் பல் மாதிரி ரத்தக்குழாய்கள் புடைத்து நின்றன. சாதாரணச் சுவர் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி இல்லை, பேதி இல்லை, எடை கூடியிருக்கிறது, இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும்?

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். மருந்துதான் பத்தல" என்றார் டாக்டர். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள், குறைவு. 40 மி.கி. ஊசி வாராவாரம் ஆனது. 2021-ல் வந்த உலக வழிகாட்டுதலில்கூடச் சுவர் முழுக்க ஆறுவதைக் கட்டாய இலக்காக வைக்கவில்லை, ஆனால் ஆறினால் நல்லது என்று அவரே சொன்னார். ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

நாலு மாதம் கழித்து குடலுக்கான அல்ட்ராசவுண்ட். தண்ணீரும் இல்லை, ஊசியும் இல்லை. ஜெல் தடவி இருபது நிமிடம். பிடித்துப் பார்ப்பவருக்குப் பழக்கம் இருக்க வேண்டும், எல்லா இடத்திலும் ஆள் இல்லை. 3.5 மி.மீ. என்றார். குடல் வீக்கத்தைக் காட்டும், மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின் 900-லிருந்து 110-க்கு இறங்கியிருந்தது. ஊசியை நிறுத்துகிற பேச்சை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

அடுத்த எம்.ஆர். தை கழித்து. ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, பழைய சிடி வேண்டும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார். மூன்று சிடியும், அந்த விரலி மஞ்சள் கயிறும், பீரோவில் ஒரே மஞ்சப்பையில் கிடக்கின்றன.