சிலுவைக்கு அடியில் ஆதாம்: புளோரன்ஸில் ஒரு சுவர் ஓவியம்

ரோமுக்குத் திருயாத்திரை போகிறவர்கள் வழியில் புளோரன்ஸில் இறங்கினால், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சாந்தா மரியா நொவெல்லா கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். இடதுபக்கச் சுவரில் இத்தாலிய ஓவியர் மசாச்சோ 1427 வாக்கில் வரைந்த மூவொரு இறைவன் (தந்தை, மகன், தூய ஆவியார்) ஓவியம் இருக்கிறது, ஆறு மீட்டருக்கும் மேல் உயரம். அதைப் பார்க்கத்தான் நான் போனேன்.

கீழிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும். அடியில் ஒரு எலும்புக்கூடு படுத்திருக்கிறது, அதற்கு மேலே இத்தாலிய மொழியில் ஒரு வாசகம்: நீங்கள் இப்போது இருப்பதுபோல் நானும் இருந்தேன், நான் இப்போது இருப்பதுபோல் நீங்களும் ஆவீர்கள். அது ஆதாம் என்றும் சொல்கிறார்கள், எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் கொல்கொதாவில் சிலுவை நட்ட இடத்துக்கு அடியில்தான் ஆதாமைப் புதைத்திருந்தார்கள் என்பது பழைய மரபு, பாடுபட்ட சுரூபங்கள் பலவற்றின் காலடியில் மண்டையோடு இருப்பதும் அதனால்தான்.

அதற்கு மேலே, படம் வரையக் காணிக்கை கொடுத்த கணவனும் மனைவியும் தூண்களுக்கு வெளியே, நம் பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கிறார்கள். உள்ளே சிலுவையடியில் மாதாவும் சீடர் அருளப்பரும் (யோவான்). பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் சிலுவையைத் தாங்கிப் பிடித்தபடி தந்தை. தூய ஆவியாரை நீங்கள் தேடத்தான் வேண்டும். தந்தையின் முகத்துக்கும் மகனின் தலைக்கும் நடுவே வெள்ளைக் காலர் மாதிரி தெரிகிறதே, அதுதான் புறா.

ஆழம் தெரிவதற்காக வரைந்த கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் புள்ளி சிலுவையின் அடியில், நிற்கிறவரின் கண் உயரத்துக்கே வருகிறது. அதனால் எலும்புக்கூட்டைக் குனிந்து பார்க்கிறோம், ஆண்டவரை அண்ணாந்து பார்க்கிறோம். இதை வெறும் கணக்குத் திறமை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சாவுக்கும் மீட்புக்கும் நடுவில் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறாரே ஓவியர், அது செபம் இல்லையா?

அப்புறம் மாதா. மகனைப் பார்க்கவில்லை, அழவும் இல்லை. நேரே நம்மைப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் மகன் பக்கம் நீட்டுகிறார். முகம் இறுகிப்போய், வயதான ஒரு தாயின் முகம். கானாவூர்த் திருமணத்தில் "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்று சொன்ன அதே தாய் இங்கேயும் அதையே சொல்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது, அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

இந்த ஓவியமே மூன்று நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. சுவரைக் குடைந்ததுபோல் இருக்கிறது என்று புகழ்ந்து எழுதிய, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய ஓவியர் வசாரியே 1570 வாக்கில் இதன் முன்னால் ஒரு கல்பீடம் கட்டினார், ஆனால் ஓவியத்தை அழிக்கவில்லை. 1860களில் பீடத்தை எடுத்தபோது மேல்பகுதி கிடைத்தது, அதைப் பெயர்த்து வேறு சுவருக்குக் கொண்டுபோனார்கள். எலும்புக்கூடு பழைய இடத்திலேயே இருப்பது 1952இல்தான் தெரிந்தது, அதற்குப் பிறகே இரண்டும் ஒன்றுசேர்ந்தன. இடைப்பட்ட காலத்தில் பார்த்தவர்கள் ஆதாம் இல்லாத சிலுவையைத்தான் பார்த்திருக்கிறார்கள், பாதிச் செய்திதான் அவர்களுக்குக் கிடைத்தது.

மசாச்சோ இறந்தது 1428இல், முப்பது வயதுகூட ஆகவில்லை. அவருக்காகவும் எங்கள் குடும்பத்தில் இறந்தவர்களுக்காகவும் நித்திய இளைப்பாற்றி செபம் சொன்னேன். நீங்கள் போனால் நேரே படத்தின் அருகே போய்விடாதீர்கள். எதிர்ப்பக்கம், கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய வாசல் பக்கம் நின்று பார்த்துவிட்டு, மெதுவாக நடந்து வாருங்கள்.