பைப் நெட்டுக்குத்தலாகவே போகட்டும்

வீட்டு வயரிங் வேலையில் எனக்குப் பிடிக்காத சொல் 'பாயின்ட் ரேட்'. ஒரு லைட் பாயின்ட்டுக்கு இவ்வளவு, ஒரு பிளக் பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று பைப், பெட்டி, வயர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலை பேசிவிடுவார்கள். வீட்டுக்காரருக்குக் கணக்கு சுலபம். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து, சுவருக்குள் குறைகிற ஒவ்வொரு அடி பைப்பும் கான்ட்ராக்டருக்கு லாபம்.

தஞ்சாவூரில் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. "அண்ணே, தண்ணி ஃபில்டர் மாட்ட வந்த பையன் ஓட்டை போட்டான், பட்டுன்னு ஒரு சத்தம், சமையல்கட்டுல பாதி கரன்ட் இல்ல" என்றார் அந்த அம்மா. போய்ப் பார்த்தேன். பையன் ஒரு ஓரமாக வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தான். அவன்மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. மிக்சி போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் பைப் இருக்கலாம் என்று தெரிந்து, நன்றாகத் தள்ளிப் பக்கவாட்டில்தான் துளை போட்டிருக்கிறான்.

பூச்சை உடைத்துப் பார்த்தால், பைப் மிக்சி போர்டிலிருந்து ஃபிரிட்ஜ் பிளக்குக்குக் குறுக்காக, சரிவாக இறங்கியிருக்கிறது. டிரில் பிட் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கடித்ததால், கரன்ட் மிஞ்சினால் தானாக அணைகிற எம்.சி.பி. ஸ்விட்ச் விழுந்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் கீழே, பைப்புக்குள்ளேயே, வயரை முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் வேறு. பைப்புக்குள் ஜாயின்ட் போடுகிறவரை என்னவென்று திட்டுவது? ஜாயின்ட் என்றால் அது திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

ஏன் குறுக்கே போனார்கள்? கணக்குப் போட்டால் தெரியும். மிக்சி போர்டு தரையிலிருந்து 4 அடி உயரம். ஃபிரிட்ஜ் பிளக் 1 அடி உயரம். இரண்டுக்கும் இடையே 4 அடி தூரம். குறுக்கே போனால் 5 அடி பைப் போதும். 10 அடி உயரச் சுவரில் முறையாகப் போட்டால் போர்டிலிருந்து 6 அடி மேலே, சீலிங் வழியாக 4 அடி, அப்புறம் 9 அடி கீழே என்று 19 அடி வரும். 14 அடி பைப் மிச்சம். உள்ளே ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று இழை ஓடுவதால் வயரில் 42 அடி மிச்சம். பைப் பதிக்கச் சுவரில் பள்ளம், அதாவது காடி, வெட்டுகிற கூலியும் குறைவு. பூசி முடித்த பிறகு யாருக்குத் தெரியப் போகிறது?

தெரியப் போவது பல வருடம் கழித்துத் துளை போட வருகிறவனுக்கு. ஸ்விட்ச் போர்டு கண்ணுக்குத் தெரியும், பைப் தெரியாது. அதனால் போர்டைப் பார்த்தே பைப் எங்கே என்று சொல்லிவிட முடிய வேண்டும். ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேச விதித்தொகுப்பும் இதைத்தான் கேட்கிறது: சுவருக்குள் புதைக்கும் வயரிங் நெட்டுக்குத்தலாகவோ, கிடைமட்டமாகவோ, அறையின் ஓரங்களுக்கு இணையாகவோ போக வேண்டும். கூரையிலும் தரையிலும் மட்டும் குறுக்கு வழிக்கு அனுமதி உண்டு. பிரிட்டனில் இன்னும் கறார். மூலையிலிருந்தும் சீலிங்கிலிருந்தும் 150 மில்லிமீட்டர் பட்டை, போர்டுக்கு நேர் கோடு, இவைதான் வயர் போகும் இடம் என்று படமே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

கிடைமட்டத்துக்கும் அனுமதி உண்டே, போர்டு உயரத்திலேயே நேராகக் கொண்டுபோகலாமே என்று கேட்பார்கள். நம் ஊர் நாலரை அங்குலச் சுவரில் அது ஆகாது. செங்கல் சுவரில் நெட்டுக்குத்துக் காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கும், கிடைக் காடி ஆறில் ஒரு பங்கும் தாண்டக் கூடாது என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு. நாலரையில் ஆறில் ஒன்று முக்கால் அங்குலம். 25 மில்லிமீட்டர் பைப் அதில் அடங்காது. மூன்றில் ஒன்று ஒன்றரை அங்குலம், தாராளமாக அடங்கும். சுவரின் பாரம் மேலிருந்து கீழே இறங்குவதால், கிடையாகப் போடுகிற வெட்டுதான் அதற்கு ஆகாது. மேஸ்திரிக்கும் எங்களுக்கும் தீராத சண்டையே இந்த இடத்தில்தான். அதில் பாதி நேரம் மேஸ்திரி பக்கம்தான் நியாயம்.

அந்தப் பையனுக்கு ஒரு விதத்தில் நல்ல நேரம். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து வெட்டுப்பட்டதால் உடனே தெரிந்தது. நான் பயப்படுவது வேறு வகைக்கு. திருகாணி ஃபேஸ் வயரின் தோலை மட்டும் உரித்துக்கொண்டு நிற்கும். சுவர் காய்ந்திருந்தால் எதுவும் விழாது, வெடிக்காது. இரும்புத் தாங்கி மட்டும் 230 வோல்ட்டோடு அமைதியாக இருக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு மனித உடம்பு வழியே போகிற கரன்ட் ஒரு பொருட்டே கிடையாது. கரன்ட் கசிந்தால் அணைகிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், கை வைத்த கணத்தில் அது விழும். டைல்ஸுக்குச் செலவு செய்கிறவர்கள் இதில் கை இறுக்குவது எனக்கு இன்றும் புரிவதில்லை.

பைப்பே இல்லாமல் வயரைச் சுவரில் பதித்துப் பூசுகிற ஆட்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பிறகு சேர்க்கிற பாயின்ட்டில் இது நடக்கும். அந்த வயர் கெட்டால் உருவி மாற்ற வழியில்லை, சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

புது வீடு கட்டுகிறவர்கள் பூச்சுக்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பைத் தரையிலிருந்து நிறுத்தி, மூலையிலிருந்து இன்னொரு டேப்பை இழுத்து, போனில் படம் எடுங்கள். போன் மாறும், படம் தொலையும். அதனால் ஒரு பிரதி எடுத்து எம்.சி.பி.க்கள் இருக்கிற டி.பி. பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நான் செய்கிற வீடுகளில் நானே ஒட்டிவிடுகிறேன். சிலர் பெயின்ட் அடிக்கும்போது கிழித்துப் போட்டுவிடுகிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய?

பழைய வீடு என்றால் படம் இருக்காது. வயர் கண்டுபிடிக்கிற சின்னக் கருவி கடையில் கிடைக்கிறது. ஆனால் மலிவானவை மின்சாரம் இருக்கிற வயரைத்தான் காட்டும். எனவே எல்லா ஸ்விட்சையும் போட்டுவிட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். சத்தம் வராத இடமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அப்புறம் மெயினை அணைத்துவிட்டு பேட்டரி டிரில்லால் துளை போடுங்கள். மெயினை அணைத்த பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் இன்வெர்ட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். அதையும் அணைத்த பிறகுதான் சுவரில் டிரில்லை வைக்க வேண்டும்.