தேயிலை ஸ்டோர் பார்க்கத் திங்கட்கிழமை போகாதீர்கள்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 பாதையில், றம்பொடைப் பக்கம் தேயிலை ஸ்டோர்கள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகள், பாதையோரத்திலேயே நிற்கின்றன. சுற்றுலா வான்கள் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல்தான் வரும். கொழுந்தை முறுக்கி அரைக்கும் ரோலர் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு முன்பே போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொதுவாகப் பெரட்டு (வேலைக்கு ஆள் கூட்டுவது) இல்லை, கொழுந்தும் வராது. முதல் நாள் கொழுந்துதான் இரவெல்லாம் வாடி மறுநாள் அரைபடும் என்பதால், திங்கட்கிழமை காலை போனால் சும்மா கிடக்கும் இயந்திரங்களைத்தான் காட்டுவார்கள்.

உள்ளே போனதும் மேல்மாடியில் வாட்டுகிற தொட்டிகளைப் பாருங்கள். கம்பி வலைமேல் கொழுந்து பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதுவார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு பிடி எடுத்துக் கசக்கினால் உடையாமல் துணிபோல் மடங்க வேண்டும். வாட்டம் போதாத கொழுந்து ரோலரில் சாறாக ஒழுகிவிடும். அதிகம் வாடினால் முறுக்கு ஏறாது, செதிலாக உதிரும். ரோலருக்கு அடுத்து புளிப்பு (அரைபட்ட இலை காற்றுப் பட்டு நிறம் மாறுவது), அதன்பின் உலர்த்தும் டிரையர். சூடு குறைந்தால் தேயிலை அவிந்து சப்பென்றாகும். கூடினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் மூன்று வீதம் அளவுக்கு இறங்கினால் சரி.

சலிக்கும் அறையில் வழிகாட்டி பீ.ஓ.பீ., பெக்கோ, டஸ்ட் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார். அவை இலையின் அளவைக் குறிக்கும் பெயர்கள், தரவரிசை அல்ல. பால் தேத்தண்ணிக்கு பீ.ஓ.பீ.எஃப். என்ற சிறுதூள் போதும். விலை கூடிய வெள்ளிமுனை (மொட்டுத் தேயிலை) பெட்டியை வாங்கிப் பால் ஊற்றுவது வீண்.

விற்பனைக் கூடத்தில் நிற்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். பல தோட்டங்களில் ஒரு பேர் என்கிற முழுநாள் சம்பளத்துக்கு 18 முதல் 20 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும், குறைந்தால் அரைப் பேர். அதாவது ஒருவரின் முழுநாள் வேலை நாலு கிலோத் தேயிலை, நூறு கிராம் பெட்டியில் நாற்பது. 2021இல் 1,000 ரூபாயான நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. பெட்டி விலையை நாற்பதால் பெருக்கிப் பக்கத்தில் வையுங்கள். தோட்டத்தை நடத்திய தொரைமாரின் பங்களாக்கள் ஹோட்டலானதிலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. உங்கள் காசு அங்கே போய்ச் சேர வேண்டுமானால் சாப்பாட்டையும் மரக்கறியையும் தோட்டத்து ஆட்கள் நடத்தும் பாதையோரக் கடைகளில் வாங்குங்கள், ஓட்டோவும் அங்கேயே பிடியுங்கள். மலையில் கொழுந்து எடுப்பவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் மறிக்காதீர்கள், அவர்களுக்கு அது கிலோ போகிற நேரம்.

நுவரெலியா, திம்புள்ளைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டம்பர். பெட்டிக்குள் ஈயத்தாள் உறை இருக்கிறதா பாருங்கள். சவர்க்காரத்தோடு ஒரே பையில் வைத்தால் வாசம் ஏறிவிடும்.