நிழலை முதலில் கண்டேன்

நவம்பர் 5, இரவு 8.00

7.15 மணியளவில் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, கொடிக்கயிற்றின் நிழல் தரையில் திடீரென விழுந்து கிழக்கு நோக்கி நகர்வதைக் கண்டு, அதன் பிறகே தலை நிமிர்ந்தேன். உச்சியைக் கடந்து மேற்கே சென்றுகொண்டிருந்த தீக்கோளம் ஒன்றின், அதாவது மிகப் பிரகாசமான எரிமீனின், முனை பச்சையாகவும் வால் செம்மஞ்சளாகவும் ஒளிர்ந்தன. கடைசியில் இரண்டாகப் பிளந்து, பக்கத்துத் தெருத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விழுந்தது. பத்து வினாடிக்குக் குறையாது. ஓசை எழுமோ என்று இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, துணிகளுடன் உள்ளே வந்துவிட்டேன்.

நவம்பர் 6

நேற்று எழுதியதில் பாதி தவறு. அதே இடத்தில் நின்று, நினைவிலுள்ள பாதையை விரலால் வரைந்தபடி கைபேசியில் நேரம் பார்த்தால், மும்முறையும் ஐந்து வினாடியை ஒட்டியே வந்தது. தொட்டிக்குப் பின்னால் அது விழவுமில்லை. தொட்டியின் உச்சிக்கு மேலேயே அணைந்தது. நீட்டிய கையில் விரல்களை மடக்கிய முட்டியின் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை என்ற கணக்கில், அணைந்த இடம் அடிவானிலிருந்து இரண்டு முட்டி, அதாவது 20 பாகை. 60 கிலோமீட்டர் உயரத்தில் அணைந்ததாகக் கொண்டால், பக்கத்துத் தெரு என்று நான் நம்பிய இடம் சுமார் 165 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது! அங்கிருந்து ஓசை வந்து சேர எட்டு நிமிடத்துக்கு மேலாகும். அவ்வளவு உயரத்திலேயே அணைபவை ஓசை தருவது அரிதுதான் என்றாலும், இரண்டு நிமிடத்தில் உள்ளே போனது பிழையே. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில், வானில் வெடித்த எரிமீனின் ஒளியைக் கண்டு சன்னலருகே வந்தவர்கள் பலர், பிறகு வந்த அதிர்வலையில் உடைந்த கண்ணாடியால்தான் காயமுற்றார்கள்.

நவம்பர் 8

பாதையைப் பின்னோக்கி நீட்டினால், அந்நேரம் கிழக்கில் அப்போதுதான் எழுந்திருந்த ரிஷப ராசியிலுள்ள கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் அருகே செல்கிறது. என்கே (Encke) என்னும் வால்மீன் உதிர்த்த துகள்களால் அந்த ராசியிலிருந்து எரிமீன்கள் புறப்படும் காலம் இது; அவை வினாடிக்கு 28 கிலோமீட்டர் அளவில், எரிமீன்களுள் மெதுவாகவே வருபவை. புறப்படும் திசை அடிவானத்தை ஒட்டியிருந்ததால் சாய்வாக நுழைந்து நெடுந்தொலைவு ஓடியிருக்கலாம். எனினும் ஒரே கோட்டை வைத்து இதை உறுதியாகச் சொல்ல இயலாது. வேறோர் ஊரிலிருந்து பார்த்தவரின் கோடும் வேண்டும்.

ஆகவே பன்னாட்டு எரிமீன் அமைப்பின் படிவத்தில் திசை, நேரம், நிறம், அணைந்த உயரம் ஆகியவற்றை நிரப்பி அனுப்பினேன். ஒளியளவு, நிழல் விழுந்ததால், வெள்ளியைவிடப் பன்மடங்கு. தொடக்கம் பற்றி மட்டும், அப்போது தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினேன்.