மீன் இல்லாத வாரம்

2024 நவம்பர் 12, செவ்வாய். பிரம்மபூர்

நேற்று சாயங்காலம் சென்னையில் ஏறியது, இன்று பிற்பகல் ஒடிசாவின் பிரம்மபூரில் இறங்கினேன். அழைத்துப்போக வந்தவன் ஏழு வருடமாகத் திருப்பூரில் எங்கள் கம்பெனியில் பவர் டேபிளில் தைப்பவன், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது "ஒருவாட்டி எங்க ஊருக்கும் வாங்க" என்று நச்சரித்தவன், பையை வாங்கியதும் சொன்ன முதல் செய்தி: "அண்ணா, தப்பான வாரத்துல வந்துட்டீங்க. பௌர்ணமி வரைக்கும் மீன் கிடையாதுங்க."

நமக்கு இன்னும் ஐப்பசி முடியவில்லை. இவர்கள் கணக்கில் வெள்ளிக்கிழமை பௌர்ணமியோடு கார்த்திகையே முடிந்துவிடுகிறது. அதன் கடைசி ஐந்து நாளுக்குப் பஞ்சுகா என்று பெயர். இந்த நாட்களில் கொக்குகூட மீனைத் தொடாதாம். வரும் வழியில் வயலில் நின்ற ஒரு கொக்கு அப்படி விரதம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ராத்திரி அவன் அம்மா தால்மா போட்டார். பாசிப்பருப்பில் சேப்பங்கிழங்கும் வாழைக்காயும் வெந்து, மேலே நெய்யும் சீரகமும் தாளித்தது. வெங்காயம், பூண்டு கிடையாது. நம் கூட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

கடைத்தெருவில் தெலுங்கும் ஒடியாவும் கலந்தே காதில் விழுகின்றன. இந்த கஞ்சாம் பகுதி 1936 வரை மெட்ராஸ் மாகாணத்தில்தான் இருந்தது. அந்த வருடம் ஏப்ரல் 1-ல் மொழி அடிப்படையில் தனி மாகாணமாகப் பிரிந்தார்கள். மொழிவாரி மாநிலம் என்றால் நாம் 1956-ஐச் சொல்வோம், இவர்கள் இருபது வருடம் முந்திக்கொண்டவர்கள்.

2024 நவம்பர் 13, புதன். ரம்பா, சிலிகா ஏரி

ஏரி என்று சொல்கிறார்கள், எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. மழைக்காலத்தில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து, கோடையில் சுருங்கும். கடலும் ஆறும் கலக்கும் உப்பங்கழி இது. நம் பழவேற்காடு மாதிரிதான், ஆனால் அதைவிடப் பெரியது.

படகுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தம்பி மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான். தொண்ணூறுகளில் கடலுக்குப் போகும் வாய் மணல் மூடித் தூர்ந்துபோக, தண்ணீரில் உப்பு குறைந்து, பாசியும் களையும் மண்டி, வலையில் மீன் விழுவது நின்றே போனதாம். 2000 செப்டம்பரில் மணல்திட்டை வெட்டிப் புது முகத்துவாரம் திறந்தார்கள். உப்பு திரும்பியது, நண்டும் இறாலும் திரும்பின. ஏரியின் சதபடா பக்கம் ஐராவதி ஓங்கில்களும், அதாவது டால்பின்களும், இருக்கின்றன. படகுக்காரர் இதைச் சொல்லும்போது துடுப்பைத் தண்ணீரில் விட்டு எடுத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினார். நானும் வைத்துப் பார்த்தேன். லேசாகக் கரித்தது. ஒவ்வொரு மாதமும் ருசி மாறும் என்றார். இதற்குமேல் ஒரு அறிக்கை எனக்குத் தேவைப்படவில்லை.

மீன் நிறைந்த ஏரி நடுவில் உட்கார்ந்து, பொரியும் வெல்லமும் தின்றோம்.

கரையில் புயல் காப்பகம் ஒன்று, தூண்கள் மேல் நிற்கும் கான்கிரீட் கட்டடம். 1999 அக்டோபர் சூப்பர் புயலில் இந்த மாநிலத்தில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013-ல் பைலின் புயல் பக்கத்தில் கோபால்பூரில் கரையேறியபோது, முன்கூட்டியே லட்சக்கணக்கானவர்களை அப்புறப்படுத்தியதால் சாவு சில பத்துகளில் நின்றது. தம்பி வீட்டுக் கூரை அன்று போய்விட்டது. அந்தக் கடனுக்குத்தான் சில வருடம் கழித்துத் திருப்பூருக்கு ரயில் ஏறினான். எனக்கு இத்தனை நாளாக இது தெரியாது. பக்கத்து மேசையில்தான் இருக்கிறான்.

இந்தியாவின் குரோமைட் என்ற குரோமியத் தாது அநேகமாக முழுக்க ஒடிசாவில்தான். இரும்புத்தாது, பாக்சைட் எல்லாம் மலைமலையாக. இருந்தும் அவன் அண்ணன் சூரத்தில் தறியில் நிற்கிறான். அவன் தாத்தா காலத்தில் கோபால்பூரில் கப்பலேறி ரங்கூன் போனார்களாம்.

2024 நவம்பர் 14, வியாழன். பூரி

கூட்டம். கோயிலுக்குள் அரை மணி நேரம் தள்ளப்பட்டேன், அவ்வளவுதான் எழுத முடியும்.

வழியில் ரகுராஜ்பூரில் இறங்கியதுதான் லாபம். வீட்டுத் திண்ணைகளில் பட்டச்சித்ரம் தீட்டுகிறார்கள். துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் பூசி, கல்லால் தேய்த்துத் தோல் மாதிரி வழவழப்பாக்கி, அதன்மேல் வண்ணம். ஒரு படத்தில் கறுப்புக் குதிரையில் ஒருவன், வெள்ளைக் குதிரையில் ஒருவன், கீழே தயிர்க்காரி. "இது உங்க ஊர் சண்டைதாங்க" என்றான் தம்பி. ஜகந்நாதர் தேருக்கு முன்னால் துடைப்பம் பிடிக்கும் இந்த ஊர் ராஜா கஜபதி புருஷோத்தம தேவனுக்குப் பெண் தரமாட்டேன் என்றானாம் காஞ்சி ராஜா. பூரி கோயில் சாமிகளான ஜகந்நாதரும் அண்ணன் பலபத்திரரும் குதிரையேறிப் போய் காஞ்சியை ஜெயித்துக் கொடுத்த கதை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளியில் பரணி படித்த நமக்குக் கலிங்கம் என்றால் கருணாகரத் தொண்டைமானிடம் தோற்றோடிய நாடு. இங்கே குழந்தைகளுக்குச் சொல்லும் கதையில் தோற்றது நாம். இத்தனைக்கும் அன்று தோற்ற அனந்தவர்மன் சோடகங்கன், சோழ இளவரசி ராஜசுந்தரி பெற்ற பிள்ளை. இன்று நான் நசுங்கிய பூரி கோயிலைக் கட்டத் தொடங்கியவரும் அவரே.

2024 நவம்பர் 15, வெள்ளி. கட்டக்

விடியுமுன் மகாநதிக் கரை. வாழைமட்டையிலும் காகிதத்திலும் செய்த குட்டிக் கப்பல்கள், உள்ளே அகல், வெற்றிலை, பாக்கு. தண்ணீரில் தள்ளிவிட்டு "ஆ கா மா பை" என்று பாடுகிறார்கள். பாலி, ஜாவா, சுமத்ரா என்று வாடைக்காற்றில் பாய்விரித்துப் போன வணிகர்களை வழியனுப்பும் நாள். ஒரு பாட்டி விட்ட கப்பல் இரண்டு முறை கரைக்கே திரும்பி வந்தது. மூன்றாம் முறை முழங்கால்வரை இறங்கிப்போய்த் தள்ளிவிட்டார்.

பிறகு பாலி ஜாத்ரா என்ற திருவிழாத் திடலில் கடைகள், ராட்டினம், தூசி. வெள்ளிக் கம்பியில் இழைத்த தாரகாசி தோடு ஒன்று வீட்டுக்கு வாங்கினேன். விலையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

2024 நவம்பர் 16, சனி. கட்டக்

இன்று சாடகாயி, விரதம் விடும் நாள். காலை ஆறரைக்கே கறிக்கடை வரிசை தெருமுனை வரை. மீன்காரர் நிமிரவே இல்லை, செதில் பறந்துகொண்டிருந்தது. தம்பி ஒரு வரிசையில், நான் ஒரு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது நண்டு தீர்ந்தது.

"ரோகு இருக்குங்க, வாங்கிரட்டுமா?" என்று அந்த வரிசையிலிருந்து கத்தினான். தலையை ஆட்டினேன்.